வாங்கில் இடம் தந்தால் போதுமா?

"எங்கள் பாடசாலையில் சாதி என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று யாழ்ப்பாணத்து அதிபர்மார் பலர் மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினருக்கு மாலை சூட்டும் பிள்ளை யார்? விழா முடிந்தபின் கதிரை அடுக்க அழைக்கப்படும் பிள்ளை யார்? இருவரும் ஒரே குறிச்சியிலிருந்தா வருகின்றனர்?

எமது வரலாறு பெருமைப்படத் தக்கதன்று. ஒரு சாரார் பிள்ளைகள் வாங்கில் அமர, மற்றொரு சாரார் பிள்ளைகள் நிலத்தில் குந்தியிருந்து படித்த நாடு இது. 1930ஆம் ஆண்டை ஒட்டி, அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாரும் சமமாக அமர வேண்டுமெனக் கல்விப் பகுதி கட்டளையிட்டபோது நடந்தது என்ன? அதை எதிர்த்து விண்ணப்பங்கள் பறந்தன. சம ஆசனம் கொடுத்த பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஒரு பிள்ளை பலகையில் அமர்வதைப் பொறாமல் பள்ளிக்கூடத்துக்கே நெருப்பு வைத்த கல்விமான்கள் நாம்!

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் 1950களில் எம் சிற்றூர்கள் சிலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பிள்ளைகளைப் பௌத்த பாடசாலைகளுக்கு அனுப்ப நேர்ந்தது. சமயம் போகிறது, மொழி போகிறது என்று அன்று கூக்குரலிட்டோர் பலர். அதே பிள்ளைகள் தங்கள் படலையடியில் அனுமதி கேட்டு நின்ற காலையில் இவர்கள் எங்கே போயிருந்தனர்?

1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. பின்னர் பாடநூலும் இலவசம், சீருடையும் இலவசம். ஆகவே இன்று வாசல் திறந்திருக்கிறது, வாங்கும் கிடைத்திருக்கிறது. மறுப்பாரில்லை. ஆனால் ஒரு பிள்ளை, "இது என் பள்ளிக்கூடம்" என்று எண்ணுவதற்கு வாங்கு மட்டும் போதாது. அந்த எண்ணத்தைச் சட்டம் ஊட்ட முடியாது. அதிபர்தான் ஊட்ட வேண்டும்.

புதிதாக வந்த பிள்ளையிடம் ஆசிரியர் பெயரைக் கேட்கிறார். அடுத்து, "எந்த இடம்?" என்கிறார். அதற்கடுத்து, "தகப்பனுக்கு என்ன தொழில்?" இந்த மூன்றாவது கேள்வி பாடம் படிப்பிப்பதற்கு எவ்வகையில் உதவும்? வகுப்பு முழுவதற்கும் அதன் பொருள் தெரியும். பதில் சொல்லும் பிள்ளையின் குரல் தாழ்ந்து போவதும் தெரியும். இதனைக் கேட்கக் கூடாதென்று ஓர் அதிபர் ஆசிரியர் கூட்டத்திலே ஒரே வார்த்தையில் நிறுத்திவிடலாம். எத்தனை பேர் நிறுத்தினர்? கிளறாதிருந்தால் தானாக மறையும் என்பது அவர்களின் சித்தாந்தம். கிளறாத புண் சீழ் வைப்பதை அறியாதவர்களா இவர்கள்?

பெற்றார் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கிறார்கள். நாட்கூலிக்குப் போகும் தாய் எவ்வாறு வருவாள்? வராதவளுக்குப் "பொறுப்பில்லாதவள்" என்ற பட்டம் கிடைக்கிறது. வெங்காயம் கிண்டும் நாட்களில் பாடசாலைக்கு வராத பிள்ளையின் பெயருக்கெதிரே சிவப்புக் கோடு விழுகிறது. ஏன் வரவில்லை என்று ஒருவரும் வீடு தேடிப் போவதில்லை. அந்தத் தோட்டம் யாருடையது என்பதை எம் கமக்காரப் பெருமக்கள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் ஒரு பள்ளி ஆசிரியரே. பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். ஊர்ப் பெரியோரின் முகச்சுளிப்புக்கு அஞ்சியிருந்தால் அவர் அந்தப் பாதையில் ஓரடியும் வைத்திருக்க மாட்டார்.

இன்றைய அதிபர்மாரிற் பலர் அஞ்சுவது யாருக்கு? பழைய மாணவர் சங்கத்துக்கு! டாக்டர்மாரும் எந்திரிகளும் அப்புக்காத்துமாரும் நிறைந்த சங்கம் அது. மண்டபம் கட்டப் பணம் தருகிறது, கூடவே பரீட்சைப் பெறுபேறு கேட்கிறது. ஒன்பது பாடத்திலும் 'ஏ' பெற்ற பிள்ளையின் படத்தை மதிலிலே தொங்கவிடுகிறார்கள். பத்தாம் தரத்தோடு நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு வரியுமில்லை. கொடுப்பவர்கள் கேளாததால் அதிபரும் சொல்வதில்லை.

இவ்வார இதழை வாசிக்கும் படித்த பெருமக்களிற் பலர் அச்சங்கங்களில் அங்கம் வகிப்பவர்கள். அடுத்த பொதுக்கூட்டத்திலே எழுந்து நின்று அதிபரை மூன்று விடயம் கேளுங்கள்: கடந்த ஆண்டில் இடைநின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் குறிச்சியினர்? அவர்களுள் எத்தனை வீட்டுப் படலையை அதிபர் தாமே போய்த் தட்டினார்? பதில் வரும்வரை மண்டபத்துக்கான காசோலை உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.