டீக்காசில் வீடு கட்டும் வித்தை

ஓர் ஆலோசகர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். வீட்டுக்கடன் முகாமில் மைக் பிடிப்பவரும் அவர்தான், நான்குவழிச் சாலையோர மனை விற்பனைப் பந்தலில் குளிர்பானம் நீட்டுபவரும் அவர்தான், காணொளியில் வெள்ளைப் பலகை முன் நின்று கணக்குப் போடுபவரும் அவர்தான். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளிக்கு அவர் செய்யும் உபதேசம் நான்கே வரியில் அடங்கும். வாடகை கொடுப்பது தண்டம், அதே பணத்தில் டியூ கட்டினால் வீடு சொந்தம். கைச்செலவையும் மொய்யையும் நிறுத்தினால் முன்பணம் தானாகச் சேரும். நகை, சீட்டு, கையிருப்பு எல்லாவற்றையும் திரட்டி வீட்டில் போடு, வீடே பெரிய சேமிப்பு. மண்ணின் விலை ஏறுமே தவிர இறங்காது.

மாதம் முதல் தேதி கணக்கில் சம்பளம் விழுகிறவருக்கு இதில் பாதியாவது பொருந்தக்கூடும். விடிகாலையில் ஆலை வேனுக்கு ஓடுகிறவரிடம் தெரியாமல் சொன்னால் அது அறியாமை. தெரிந்தே சொன்னால் அயோக்கியத்தனம்.

முதல் வரியையே எடுப்போம். திருத்தங்கலில் 4,000 ரூபாய் வாடகையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் ஆலை வேலை, பீஸ் ரேட்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம். இருவருக்குமாக வாரம் 6,000. பார்த்து வைத்திருக்கும் சின்ன வீட்டின் விலை 16 லட்சம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதன்படி கிடைக்கக்கூடிய கடன் 14,40,000. 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாத டியூ ஏறக்குறைய 12,950 ரூபாய். வாடகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இதில் ‘அதே பணம்’ எங்கே இருக்கிறது என்று ஆலோசகர்தான் காட்ட வேண்டும்.

தண்டம் என்றாரே, அதையும் பார்த்துவிடுவோம். முதல் மாத டியூவில் 10,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,150 சொச்சம். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் கையை விட்டுப் போன பணம் 7,77,000. அசலில் குறைந்தது 1,63,000 கூட வராது. மீதி ஆறு லட்சத்துக்கு மேல் வட்டி. அதே ஐந்து வருடத்தில் வாடகை 2,40,000. வாடகை ஏறும் என்பார். ஏறட்டும், இரண்டு மடங்கே ஆகட்டும். அப்போதும் வட்டியைத் தொடாது. வாடகை தண்டம் என்றால், இந்த ஆறு லட்சத்துக்கு அவர் அகராதியில் என்ன பெயர்?

மிதக்கும் வட்டியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. ஒரு வருடத்துக்குள் இரண்டரை சதவீதம். டியூ ஏறாததைப் பார்த்து நிம்மதியாக இருந்த பலருக்குக் கடன் காலம் சத்தமில்லாமல் நீண்டுபோயிருந்தது. டியூவைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்டாக வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே உத்தரவு போட வேண்டி வந்தது. இதெல்லாம் வங்கிக் கடன் கிடைக்கிறவருக்கு. சம்பளச் சீட்டு இல்லாதவர் போய் நிற்கும் இடம் தனியார் வீட்டுக்கடன் நிறுவனம். அங்கே 9 சதவீதத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது கைச்செலவு. இந்த உபதேசத்தில் எனக்கு ஆகவே ஆகாத பகுதி இதுதான். டீ, வடை, காதுகுத்து, சடங்கு, பொங்கல் திருவிழா எல்லாம் சேர்ந்துதான் தொழிலாளியின் வீட்டைத் தின்றுவிட்டனவாம். சரி, வாரம் 500 ரூபாயை இப்படித் தின்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் வருடத்துக்கு மிஞ்சுவது 26,000. தமிழ்நாட்டில் வீடு கிரயம் முடிக்க முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 16 லட்சத்துக்கு 1,44,000. சிறு தொகை வீடுகளைத் தவிர, இந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் தரக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். ஆக, ஐந்தரை வருடம் டீ குடிக்காமல், ஒரு விசேஷத்துக்கும் போகாமல் இருந்தால் பத்திரச் செலவு மட்டும் தேறும். வங்கி தராத பத்து சதவீதமான 1,60,000 அப்படியே நிற்கும். வில்லங்கம், வக்கீல் லீகல், மதிப்பீடு, பத்திர எழுத்தர் கூலி, வங்கிக் கட்டணம் எல்லாம் அதற்கும் மேலே.

இத்தனை பேசுகிறவர், 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்ற உருப்படியான தகவலைச் சொல்லி நான் கேட்டதில்லை. டீயை நிறுத்து என்று சொல்வது சுலபம். அதற்கு அரசாணை படிக்க வேண்டியதில்லை.

மொய்யையும் அவர் செலவுக் கணக்கில் எழுதுகிறார். எங்கள் பக்கம் செய்முறை நோட்டைப் பீரோவில், பத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். யார் வீட்டுக்கு எவ்வளவு செய்தோம், எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்ற கணக்கு அது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது எந்தக் கையெழுத்தும் வாங்காமல் ஐயாயிரம் கொடுப்பவர், அந்த நோட்டில் பெயர் உள்ளவர்தான். செய்முறையில் வீம்பு உண்டு, கடன் வாங்கிச் செய்கிற கூத்தும் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக மொத்தத்தையும் ஊதாரித்தனம் என்பவர், விருதுநகர் எந்த ஊர் என்று தெரியாமல் பேசுகிறார். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்து, வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். இந்த ஊருக்குச் சேமிப்பு வகுப்பு எடுக்க வெள்ளைப் பலகையோடு வருகிறார்கள்.

மூன்றாவது வரிதான் ஆளைக் கவிழ்ப்பது. இருப்பதையெல்லாம் திரட்டி வீட்டில் போடு என்பது. அவர் கணக்கில் அந்தக் குடும்பத்தின் மாத வருமானம் 26,000; வாரம் 6,000 வீதம் 52 வாரம். பட்டாசு ஆலைக்கு 52 வாரம் கிடையாது. தீபாவளி முடிந்ததும் ஆலை மூடும். பூஜை போட்டுத் திறக்கச் சில வாரம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் இல்லாமல் மருந்து காயாது. காயாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. பக்கத்து ஆலையில் விபத்து நடந்தால் ஆய்வு வரும், உரிமம் நிறுத்தப்படும், மறுபடி கதவு மூடும். வருடத்தில் 12 வாரம் இப்படிப் போனால் மாத வருமானம் 20,000. டியூ போக மிஞ்சுவது 7,000 சொச்சம். அதில் அரிசி, பள்ளிக்கூடம், மருந்து, கேஸ். கையிருப்பை ஏற்கெனவே முன்பணமாகக் கொடுத்தாயிற்று, நகையை விற்றாயிற்று. அடுத்து என்ன செய்வார்? குழுக்கடன். குழுக்கடனை அடைக்க மீட்டர் வட்டி. வீட்டுக்கடனுக்கு 9 சதவீதம் என்று கணக்குப் போட்டவர் இந்த வட்டியையும் சேர்த்துப் போட்டுக் காட்டட்டும்.

இது கற்பனைப் பயம் என்பவர் 2018-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த வருடம் அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. தீபாவளியன்று வெடிக்க இரவு 8 முதல் 10 வரை நேரம் குறித்தது. தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் திறக்கவில்லை. 2019 பிறந்தும் மாதக்கணக்கில் மூடியே கிடந்தன. தீர்ப்பின் நியாய அநியாயம் வேறு விவாதம். தில்லியின் காற்றுக்காகப் போட்ட வழக்கில் திருத்தங்கலின் அடுப்பு அணைந்தது என்பது நடந்த கதை. வங்கிச் சட்டமோ யாருக்காகவும் நிற்காது. 90 நாள் தாண்டிய பாக்கி வாராக்கடன். 2002-ஆம் வருடத்து சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குள் கட்டாவிட்டால் வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு. 2020-இல் கொரோனாவுக்குத் தவணை ஒத்திவைப்பு கிடைத்ததே என்பார். அது நாடே முடங்கியதால் கிடைத்தது, அப்போதும் வட்டி நின்றபாடில்லை. ஒரு தாலுகா மட்டும் முடங்கும் நாளில் யார் ஒத்திவைப்பார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது?

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேருக்கு அருகில் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். இந்த வேலைக்குப் போகிறவரின் கடனுக்குக் காப்பீடு உண்டா, வெடிமருந்துத் தொழில் என்று விண்ணப்பத்தில் உண்மையை எழுதியிருக்கிறதா, அதை மறைத்துவிட்டுப் பிற்பாடு கேட்டால் பணம் வருமா? மேடையில் இந்தக் கேள்விகள் வருவதே இல்லை. ஆள் போனாலும் டியூ போகாது.

நான்காவது வரி, மண் விலை. நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. அப்படியிருக்க, இங்கே தொழிலாளியின் கூலி, அவர் வீட்டின் விலை, அதை வாங்கக்கூடிய பக்கத்துத் தெருக்காரரின் கையிருப்பு மூன்றும் ஒரே திரியில் கட்டிய வெடிகள். ஆலை மூடும் மாதத்தில்தான் வீட்டை விற்கத் தோன்றும். அந்த மாதத்தில்தான் வாங்க ஆள் இருக்காது. அவசரத்துக்கு வீட்டின் ஒரு சுவரை மட்டும் விற்க முடியாது. நகை அப்படியில்லை. காலையில் கொண்டுபோனால் மதியத்துக்குள் பணம். மூன்று பவுனில் ஒரு பவுனை மட்டும் வைக்கலாம், தீபாவளி போனஸில் மீட்கலாம். தங்கத்தை முட்டாள்களின் முதலீடு என்று கிண்டல் செய்பவர் ஒரு நாள் அடகுக் கடை வரிசையில் நின்றிருந்தால் வாய் அடங்கியிருக்கும்.

அப்படியென்றால் தொழிலாளி வீடே வாங்கக்கூடாதா? வாங்கட்டும். ஆலோசகரின் வரிசையைத் தலைகீழாக்கி வாங்கட்டும். முதலில் ஆறு மாத வாடகையும் வீட்டுச் செலவும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ கிடக்க வேண்டும். அதைத் தொடாமல் முன்பணம் கொடுக்க முடியும் என்ற நாளில்தான் வீடு பார்க்கக் கிளம்ப வேண்டும். டியூவை நல்ல மாதத்தை வைத்துப் பேசக்கூடாது. மோசமான வருடத்தின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு என்று நிறுத்த வேண்டும். நம் குடும்பத்துக்கு அது 6,600 சொச்சம். கடன் ஏழேகால் லட்சத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு 16 லட்ச வீடு வராதுதான். அங்கீகாரம் பெற்ற மனை ஒன்று வரும். பிறகு ஒரு ஹாலும் அடுப்படியும். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பல வீடுகள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியவைதான்.

அதுவரை வாடகை உறுத்துகிறதா? ஒத்தி வீடு இருக்கிறது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் இருந்து, காலியாகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டுக் குடிபோக வேண்டும். கமிஷன் இல்லாத இந்த வழி ஆலோசகரின் பலகையில் ஏறாததில் ஆச்சரியமில்லை.

கடன் வாங்கிய பிறகும் ஒரு வேலை உண்டு. மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. முதல் வருடத்தில் 10,000 ரூபாய் போனஸை அசலில் கட்டினால், மேலே சொன்ன 14,40,000 கடனில் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட டியூ கழிக்கும் அசல் ஒரே நாளில் கழியும். கையிருப்பு இருப்பவரால்தான் போனஸை இப்படிக் கட்ட முடியும். இல்லாதவரின் போனஸ் மீட்டர் வட்டிக்காரருக்குப் போகும்.

ஆலோசகர் அடுத்த முகாமுக்கு வரும்போது டீயையும் மொய்யையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கொண்டுவரட்டும்: ஆலை மூடிய நான்காவது மாதம் டியூ கட்டப்போவது யார்? பதில் ‘நான்’ என்றால், கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசட்டும்.