கோப்ரா நகலுக்கு 'கியூ' எண்



ஏசி கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலை, உதிரிகளைக் கோர்த்துத் தங்கள் ஷெட்டிலேயே கட்டி முடிப்பவர்கள் பிரிட்டனில் நிறையப் பேர். ஆனால் கட்டிய கையோடு ஊர் சுற்றக் கிளம்ப முடியாது.

முதலில், தனி வண்டிக்கு ஒப்புதல் தரும் ஐ.வி.ஏ. சோதனை. பிரேக், விளக்கு, புகையோடு ஆய்வாளர் விடுவதில்லை. பாதசாரி மீது உரசக்கூடிய விளிம்புகள் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார். முன்பதிவு செய்த சோதனைக்கு, காப்பீட்டுடன், பதிவில்லாமலே ஓட்டிப் போகலாம். அந்த ஒரு சலுகைதான்!

பிறகு, பிரிட்டனின் வாகன உரிம முகமையான டி.வி.எல்.ஏ.வில் பதிவு. உதிரிகளின் பூர்வீகம் தெரியாத வண்டிக்கு 'கியூ'வில் தொடங்கும் எண்தான்.

இந்தியாவில் கெடுபிடி வேறு விதம். தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. இத்தகைய கார்களின் வீடியோ பார்த்துத் தங்கள் வண்டியை மாற்றப் பட்டறை தேடும் இளைஞர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

– வாசகர், கோவை