அறை முன்பதிவைப் பிரிப்பது ஏமாற்றா?

உம்ராவுக்குச் செல்லும் குடும்பங்கள் பலவும் இன்று ஹோட்டல் அறையைத் தாமே கைப்பேசியில் முன்பதிவு செய்கின்றன. ஐந்து இரவுகளை ஒரே பதிவாகக் கேட்டால் ஒரு விலை; அவற்றையே மூன்று, இரண்டு எனப் பிரித்து அடுத்தடுத்துப் பதிந்தால் சில வேளைகளில் குறைந்த விலை. இவ்வாறு பிரிப்பது ஏமாற்று ஆகுமா எனச் சகோதரர்கள் தயங்குகின்றனர். ஆகாது என்பதே என் கருத்து. ஆயினும் அதற்கு எல்லை உண்டு.

விலை ஏன் மாறுகிறது? சவூதியில் 2013 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஆதலால் வியாழன், வெள்ளி இரவுகளில் உள்நாட்டவரும் மக்காவில் திரள்வர். அவ்விரு இரவுகளிலும் சாதாரண அறைகள் தீர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் ஐந்து இரவுகள் கேட்பவருக்கு, எல்லா இரவுகளிலும் காலியாயிருக்கும் உயர்வகை அறையையே கணினி காட்டும். இரவுக்கு 450 ரியால் எனில் மொத்தம் 2,250. முதல் மூன்று இரவுகளுக்கு 300 ரியால் அறையைத் தனியே பதிந்தால் மொத்தம் 1,800 மட்டுமே.

இங்கே மறைக்கப்பட்டது எதுவுமில்லை. விற்பவரே அறிவித்த விலையில், இரு தரப்பும் இசைந்து செய்யும் இரண்டு ஒப்பந்தங்கள் இவை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் பணிக்கிறது. எனவே, தொடர்ந்த இரவுகள் ஒரே தங்கலாகவே கருதப்படும் என்றோ, ஒரு சலுகை ஒருமுறைக்கு மட்டுமே என்றோ விடுதி நிபந்தனை விதித்திருந்தால் அதற்குக் கட்டுப்படுவது கடமை.

புதிய வாடிக்கையாளர் சலுகைக்காக இரண்டாம் பதிவை வேறு பெயரில் செய்வது பொய். தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மறைப்பது வாங்குபவராயினும் அதே கண்டனத்துக்கு உரியவரே. கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பதால் மூன்று நான்கு விடுதிகளில் அறைகளைப் பிடித்துவைத்து, கடைசி நாளில் கைவிடுவதும் முறையன்று. ரமளானின் இறுதிப் பத்து இரவுகளில் அப்படி முடக்கப்படும் அறை, இடம் கிடைக்காத இன்னொரு பயணிக்கு உரியதாக இருந்திருக்கலாம்.

பிரித்துப் பதிவோர் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் சேர்த்து விலைகளை ஒப்பிடுக. ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானே ரத்தாகாது என்பதையும் நினைவில் கொள்க. இரண்டு பதிவுகளும் உங்களுடையவையே என்று வரவேற்பு மேசையில் முன்கூட்டியே சொல்லுங்கள். அறை ஒரே வகையாயின் மாறாமலே தங்க விடக்கூடும். இல்லையேல் நண்பகலில் அறையைக் காலி செய்து, புதிய அறைக்கு மாலை வரை காத்திருக்க நேரலாம். லுஹர் தொழுகைக்குக் கூட்டம் பெருகும் வேளையில், முதிய பெற்றோரைப் பெட்டிகளோடு அமர வைத்து மிச்சம்பிடிக்கும் 450 ரியால் தேவைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பயணங்களையும் கொடுக்கல் வாங்கல்களையும் தூய்மையாக்குவானாக.