சிந்திய கதிர்

இந்த வாரம் 'க்ளீன்' என்ற ஆங்கில வார்த்தையைப் பார்ப்போம். வீட்டைப் பெருக்கித் துடைக்கிறோமே, அந்த 'க்ளீன்' அல்ல! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நம் எழுத்தில் உள்ள சங்கடம் அது. 'தங்கம்' என்பதில் 'க' ஒலிக்கிறதல்லவா, அப்படி மெத்தென்று ஆரம்பியுங்கள்.

அறுவடை முடிந்து கட்டெல்லாம் களத்துக்குப் போன பிறகு, வயலில் சில கதிர்கள் சிந்திக் கிடக்கும். அவற்றைக் குனிந்து பொறுக்குவதற்குத்தான் இந்தச் சொல். அறுப்பதற்கு 'ரீப்' என்று வேறு சொல் உண்டு. நிலமுள்ளவன் 'ரீப்' செய்வான். இல்லாதவள் 'க்ளீன்' செய்வாள்.

பைபிளில் ரூத் என்ற விதவை, தன் மாமியாருக்காகப் போவாஸின் வயலில் இப்படித்தான் கதிர் பொறுக்கினாள். (மாமியாருக்காகவா என்று கேட்காதீர்கள். ஆமாம், மாமியாருக்காகத்தான்!) சிந்தியது ஏழைக்கும் பரதேசிக்கும் என்பது அவர்கள் வேதம் வகுத்த விதி.

இங்கிலாந்திலும் அந்த வழக்கம் வெகுகாலம் இருந்தது. சஃபோக் மாவட்டத்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண்மணி கதிர் பொறுக்கியதற்காக நிலக்காரர் வழக்குத் தொடுத்தார். 1788-ல் தீர்ப்பு வந்தது: பொறுக்குவது ஏழையின் உரிமை அல்ல, நிலக்காரர் மனமிரங்கித் தரும் சலுகைதானாம்! நாலு கதிருக்காக ஒரு பெண் கோர்ட்டு ஏறித் தோற்றாள். ஆனாலும் அடுத்த நூற்றாண்டிலும் பெண்கள் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

நம்மிடமும் 'உஞ்சவிருத்தி' இல்லையா? வடமொழியில் 'உஞ்சம்' என்றாலே சிந்திய தானியத்தைப் பொறுக்குவதுதான். பிறகு அது வீதியில் பாடி அரிசி வாங்குவதைக் குறிக்கலாயிற்று.

'க்ளீன்' வேறு பக்கம் போயிற்று. செய்தியைத் துளித் துளியாகச் சேர்ப்பதற்கு இன்று அதைச் சொல்கிறார்கள். ஒருவர் உட்கார்ந்து முழு விவரத்தையும் சொல்லிவிட்டால் இந்த வார்த்தை பொருந்தாது. அவர் வாய் தவறிச் சிந்துவதை நீங்கள் பொறுக்க வேண்டும்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண் டெலிபோனில், "எல்லாரும் சௌக்கியம், அம்மா" என்கிறாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "சமையல் ஆயிற்றா?" என்று பேச்சை மாற்றுகிறாள். போன வாரமும் அவர் ஊரில் இல்லை. தீபாவளிக்கு, "நான் மட்டும் வருகிறேனே" என்கிறாள். ஒரு புகார்கூடச் சொல்லவில்லை. அம்மா ரிஸீவரை வைத்துவிட்டு அப்பாவிடம் போய், "நாளைக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறாள்.

அந்த அம்மா செய்தாளே, அதுதான் 'க்ளீன்'.