கோரிக்கைக் கடிதத்தில் உரிமையும் அச்சாகட்டும்

இலங்கை மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரில் கடனட்டை நிலுவை வைத்த உத்தியோகத்தருக்கும், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கிழமைக் கடன் கட்டத் தவறிய பெண்ணுக்கும் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் ஒரே தொனியில்தான் வருகிறது. உத்தியோகத்தர் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார். அந்தப் பெண்ணோ "பொலிஸ் பிடிக்குமாம்" என்ற பேச்சை நம்பி, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பார்.

கட்ட வசதியில்லாமல் போவது குற்றமல்ல. அது குடியியல் வழக்குக்குரிய விடயம். மோசடி, திரும்பிய காசோலை போன்றவை வேறு. ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலவில்லை என்பதற்காக மட்டும் எவரையும் சிறையிடக் கூடாது என்று, இலங்கை 1980 இல் ஏற்ற குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை சொல்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் தந்த மத்தியஸ்த சபைகளில் சிறு கடன் பிணக்குகள் பேசித் தீர்க்கப்படுகின்றன.

அந்தப் பெண்ணைப் போன்றவர்களின் துயரம் உங்களுக்குப் புதிதல்ல. 2018 இல் இங்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம் வரை போனதையும் வசூலிப்பாளரின் தொல்லைகளையும் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. 2023 இல் உங்கள் வங்கியே நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. ஆனால் அவை கடிதம் கிடைக்கும் வீட்டு வாசலை எட்டவில்லை.

வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மேற்பார்வையிலுள்ள ஒவ்வொரு நிறுவனமும் அனுப்பும் கோரிக்கைக் கடிதம் கடனாளிக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டப்பணம் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டட்டும். மத்தியஸ்த சபை, சட்ட உதவி ஆணைக்குழு, உங்கள் 1935 முறைப்பாட்டு இலக்கம் ஆகியவை அதே தாளில் அச்சாகட்டும். பதிவில்லாமல் கடன் கொடுப்போரை ஒழுங்குபடுத்தும் சட்டமும் தாமதமின்றி நடைமுறைக்கு வரட்டும்.

கடன் கொடுத்தவருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. கடன்பட்டவருக்கும் அது இருக்கிறது என்பதை அவருக்கு எழுத்தில் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மட்டக்களப்பு வாவிக்கரைவாசி ஒருவர்