தோற்றது தொடக்கமன்று

1858இல் பாரிஸ் ஓபரா மாடமொன்றில் பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடிய சதுரங்க ஆட்டம் 17ஆவது நகர்த்தலில் முடிந்தது. எதிரில் இருந்தவர் 21 வயது பால் மார்ஃபி. தோற்ற இருவரும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள். அத்தகையோரின் தோல்விக்கு இரண்டுவகை விமர்சனமே எழுதப்படுகிறது: ஒன்று, தொடக்கத்தின் பெயரைச் சொல்லிப் பழிப்பது, மற்றது, கணினி காட்டும் எண்ணை நகர்த்தல்தோறும் ஒட்டிவைப்பது. இரண்டையும் விமர்சனம் என்று நாம் ஏற்பதற்கில்லை.

அன்று ஆடப்பட்டது பிலிடோர் தற்காப்பு. ஓபரா இசையமைத்த பிலிடோரின் பெயர் ஓபரா மாடத்திலேயே பழியேற்றது விந்தைதான். ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நடுச் சிப்பாயைக் காப்பது அதன் சாரம். இடம் குறுகும், ஆட்டம் போய்விடாது. வேறு நகர்த்தல் வரிசையில் தேர்ந்தவர்களும் அதை ஆடுகிறார்கள்.

கோளாறு மூன்றாவது நகர்த்தலில் தொடங்கிற்று. மந்திரியை அனுப்பிக் குதிரையைக் கட்டினார்கள். மார்ஃபி நடுச் சிப்பாயை வெட்டியதும், ஒரு சிப்பாயை இழக்காதிருக்க அம்மந்திரியைக் குதிரைக்கு ஈடாகக் கொடுக்க நேர்ந்தது. வெளிவந்திருந்த ஒரே காய் போயிற்று. மார்ஃபியின் ராணி செலவின்றிக் களமிறங்கியது. ஏழாவது நகர்த்தலில் அந்த ராணி இரு சிப்பாய்களை ஒருங்கே தாக்க, கறுப்பு ராணி தன் அரசன்முன் வந்து நின்று சொந்த மந்திரியின் வழியை அடைத்தது. அடுத்து மார்ஃபி ஒரு சிப்பாயை எடுத்திருக்கலாம். ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் வறண்டிருக்கும். அவர் எடுக்கவில்லை, இன்னொரு குதிரையை வெளிக்கொணர்ந்தார்.

ஒன்பதாவது நகர்த்தலில் களத்தில் வெள்ளைக்கு நான்கு காய்கள், கறுப்புக்கு இரண்டு. அந்த வேளையில்தான் சிப்பாயை முன்தள்ளி மந்திரியை விரட்டினார்கள். மார்ஃபி குதிரையைப் பலியிட்டார், பின் யானையை, இறுதியில் ராணியையே. செக்மேட் விழுந்தபோது கறுப்பின் அரசன் பக்க மந்திரியும் யானையும் இருந்த கட்டத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை.

தவறு எங்கே என்று எண் சொல்லும். அத்தவறு ஆடியவருக்கு ஏன் நியாயமாகத் தோன்றிற்று என்பதைச் சொல்லாது. விரட்டினால் ஓடுவார்கள் என்ற நம்பிக்கை அது. ஒவ்வொரு பொழுதுபோக்கு ஆட்டக்காரரிடமும் உண்டு. அதைக் கண்டு சொல்வதே விமர்சகரின் வேலை. நாவல் சரியில்லையென்றால் யதார்த்தவாதத்தைக் குற்றம் சொல்பவரை நாம் மதிப்பதில்லை. மதிப்பெண் மட்டும் போட்டுத் தருபவரையும் மதிப்பதில்லை. சதுரங்கத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

நேற்றுத் தோற்றுவிட்டு இன்று புதிய தொடக்க நூல் தேடும் நண்பருக்கு நாம் சொல்வது இதுதான்: நூலைப் பிறகு வாங்கலாம். தோற்ற ஆட்டத்தை மீண்டும் அடுக்குங்கள். எந்தக் காய் கடைசிவரை வீட்டிலேயே இருந்தது என்று பாருங்கள்.