கோடு விலகினால் சாட்டிலைட்டைத் திட்டாதீர்கள், ஒயரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் உழவர் குழு டிராக்டரில் ஜி.பி.எஸ். வழிகாட்டி பொருத்தியிருக்கிறோம். மேலே ரிசீவர், முன்னால் லேப்டாப், ஸ்டீயரிங்கில் மோட்டார். மக்காச்சோளம் விதைக்கும்போது அரை மணிக்கு ஒருதரம் திரை அப்படியே நின்றுவிடுகிறது. யு.எஸ்.பி. ஒயரைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி ஓடுகிறது. ரிசீவர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் பொருத்தியவர். புரட்டாசி விதைப்புக்குள் சரிசெய்ய வழி உண்டா?
- வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ரிசீவரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஒயரைப் பிடுங்கிச் செருகினால் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயர், அது செருகும் துளை, அதில் வரும் மின்சாரம் ஆகிய மூன்றையும்தான். இவற்றைச் சோதிக்க ஒரு பொழுது போதும். ரிசீவர் வாங்கும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

இது சின்ன விஷயமும் அல்ல. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டர் ஒரு நொடியில் சுமார் 1.4 மீட்டர் நகர்கிறது. 4 நொடி இணைப்பு போனால் ஐந்தரை மீட்டர் தூரம் வழிகாட்டி இல்லாமல் ஓடிவிடும். 60 செ.மீ. இருக்க வேண்டிய வரிசை இடைவெளி ஒரு பக்கம் 45, மறுபக்கம் 75 என்று ஆகிவிட்டால், களை எடுக்கும் கருவி பயிரையும் சேர்த்து வெட்டும். மானாவாரியில் மழை ஈரம் சில நாள்தான் நிற்கும். அந்த நாள்களில் வண்டியை நிறுத்தி ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தால், குழுவில் கடைசியாக முறை வருகிறவர் காய்ந்த மண்ணில்தான் விதைப்பார்.

எது போகிறது என்று பாருங்கள்

மூன்று விதமான கோளாறுகளை எல்லாரும் 'சிக்னல் போச்சு' என்றே சொல்கிறார்கள். மூன்றும் வேறு வேறு.

சாட்டிலைட் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றால் ஆன்டெனாவை மரமோ கட்டடமோ மறைக்கிறது.

'ஃபிக்ஸ்' என்று இருந்தது 'ஃப்ளோட்' என்று மாறினால், திருத்தத் தகவல் வருவது தடைப்பட்டிருக்கலாம். சிம் கார்டு வழியாக வருவதானால் நெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா எண்களும் ஒரே நேரத்தில் உறைந்து நிற்கின்றன, லேப்டாப் 'டங்' என்று ஒலி எழுப்புகிறது என்றால் அதுதான் யு.எஸ்.பி. இணைப்பு அறுவது. உங்கள் கோளாறு இந்த வகை என்றே தெரிகிறது.

நான்கு படிச் சோதனை

கோளாறு எப்போது வருகிறது என்று கண்டுபிடித்தால் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். எந்தப் படியில் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள்.

1. இன்ஜினை அணைத்து, வண்டி நின்றபடி. இதிலேயே இணைப்பு போனால் ஒயர் பழுது, அல்லது லேப்டாப் செட்டிங்.

2. இன்ஜினை ஓட்டி, வண்டி நின்றபடி. ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறையுங்கள், ஹெட்லைட் போடுங்கள். இதில் போனால் மின்சாரம் சீராக இல்லை.

3. விதைப்புக் கருவியைத் தூக்கிய நிலையில் மேடுபள்ளத்தில் ஓட்டி. இதில் போனால் குலுக்கலில் செருகி அசைகிறது.

4. மோட்டாரே ஸ்டீயரிங்கைத் திருப்பும்படி விட்டு. இதில் மட்டும் போனால் மோட்டாரின் மின் இரைச்சல், அல்லது திருப்பும்போது ஒயர் இழுபடுகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒயர், துளை, சார்ஜர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் சரியாகலாம். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

சரிசெய்யும் முறை

ஒயர்: யு.எஸ்.பி. 2.0 ஒயர் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. டிராக்டருக்கு 2 மீட்டரே தாராளம். இரண்டு மூன்று ஒயர்களை ஒட்டுப்போட்டு நீட்ட வேண்டாம், ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனம். கூடுதல் நீளம் தேவைப்பட்டால் ஆன்டெனா ஒயரை நீளமானதாக வாங்கி, யு.எஸ்.பி. ஒயரைக் குட்டையாக வையுங்கள். இருக்கைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, ஷெட்டில் எலி கடித்திருக்கிறதா என்று முழு நீளத்தையும் தடவிப் பாருங்கள்.

செருகி: கேபின் இல்லாத நம் டிராக்டர்களில் புழுதி நேரே துளைக்குள் போகிறது. ரப்பர் பந்து ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் போகும். மண்ணெண்ணெய் கூடாது, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் போதும். செருகியிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒயரை டேக் போட்டுக் கட்டி, நடுவே சிறு வளைவு விடுங்கள். குலுக்கல் அந்த வளைவோடு நின்றுவிடும், செருகிக்குப் போகாது. துளையே லொடலொடவென்று ஆடினால் அதை மாற்றத்தான் வேண்டும்.

மின்சாரம்: யு.எஸ்.பி.யில் வருவது 5 வோல்ட். அது அரை வோல்ட் குறைந்தாலே சில கருவிகள் அணைந்து எழும். லேப்டாப்பின் ஒரு துளையில் ரிசீவர், கன்ட்ரோல் போர்டு எல்லாவற்றையும் ஹப் வைத்துச் சேர்த்திருந்தால், தனி மின்சாரம் பெறும் ஹப்பாக மாற்றுங்கள். அதற்கான ஒயரை ஃப்யூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். எர்த் ஒயரையும் பாருங்கள்.

மின் இரைச்சல்: மோட்டார் ஒயரையும் யு.எஸ்.பி. ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். யு.எஸ்.பி. ஒயரின் இரு முனையிலும் ஃபெரைட் கிளிப் மாட்டினால் நல்லது.

லேப்டாப்: பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸ் தானாகவே யு.எஸ்.பி.யை உறங்க வைக்கும். 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்துங்கள். 'டிவைஸ் மேனேஜர்' போய், 'யு.எஸ்.பி. ரூட் ஹப்' ஒவ்வொன்றிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் உள்ள டிக்கை எடுங்கள். ஒயரை எப்போதும் அதே துளையில் செருகுங்கள். துளை மாறினால் காம் போர்ட் எண் மாறி, மென்பொருள் ரிசீவரைத் தேடிக்கொண்டே இருக்கலாம்.

இத்தனையும் செய்து, வேறு லேப்டாப்பில் வேறு ஒயர் போட்டும் ரிசீவர் நின்றால், அப்போது ரிசீவரைச் சந்தேகப்படலாம்.

பாதுகாப்பு: மோட்டார் ஓட்டுகிறது என்று ஸ்டீயரிங்கை விட்டுத் திரும்பி உட்காராதீர்கள். இணைப்பு அறும் நொடியில் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அப்படியே போகலாம். வரப்போ கிணறோ பக்கத்தில் இருந்தால் கையால் ஓட்டுங்கள். ஒயரைத் தொடும் முன் பி.டி.ஓ.வை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். இணைப்பு திரும்பி வந்ததும், ஏற்கெனவே விதைத்த வரிசையோடு திரையில் உள்ள கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: என் மகன் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறான். டேப்லெட்டில் ரிசீவரைச் செருகினால் ரிசீவரில் விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, விளக்கு எரிவதால் மின்சாரம் போகிறது, தகவல்தான் வரவில்லை. சில மலிவு ஒயர்களில் சார்ஜ் ஏற்றும் கம்பி மட்டும் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. போனில் படம் மாற்றப் பயன்படுகிற ஒயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் டேப்லெட்டில் ஓ.டி.ஜி. வசதி இருக்கிறதா, செருகியதும் கேட்கும் அனுமதிக்கு 'ஓகே' கொடுத்தாரா என்று பார்க்கட்டும். உச்சி வெயிலில் டேப்லெட் சூடேறினால் சார்ஜ் ஏறுவதும் நின்றுபோகும். மேலே ஒரு சிறு மறைப்பு வைத்துக்கொள்வது நல்லது.

இருவருக்கும் பொதுவாக ஒன்று. சோதித்துப் பார்த்த ஒயர் ஒன்றை டூல் பாக்ஸில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். விதைப்புக் கருவியில் உள்ள மார்க்கர் கம்பியையும் கழற்றி எறிந்துவிடாதீர்கள். திரை நின்றாலும் அது போட்ட கோட்டைப் பிடித்து அன்றைய விதைப்பை முடித்துவிடலாம்.

இந்தப் பகுதிக்குக் கருவிக் கோளாறு பற்றி எழுதுவோர், அது இன்ஜின் நிற்கும்போதா, ஓடும்போதா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதையும் எழுதுங்கள். பதில் சொல்ல எளிதாக இருக்கும்.